வில்லை வரட்டும்

ஒரு பித்தளை வில்லையின் ஓரத்தில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அந்த வெட்டினால் ஒரு ஊராரின் வெள்ளாமை பதராகப் போனது. அதற்கான பழி அந்தக் குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு மனிதர் மேல் விழுந்தது. பழி விழுந்த நேரத்தில் நான் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயர் கெட்டுப் போனதற்கு நான் காரணமாக இருந்தேன். நல்லதைச் சொல்வதற்காகவேனும் அதைத் திரும்ப என் கையால் எழுத மனம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், எழுதுவினைஞனாக இருந்தேன். அவர் எங்கள் வாய்க்காலின் பெரிய கதவுக்குக் காவற்காரர். மேற்கே இருந்து வரும் வாய்க்கால் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். கதவைத் தூக்கினால் தண்ணீர் எங்கள் முஸ்லிம் ஊர்களின் வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, வரும். இறக்கினால் வாய்க்காலின் கடைசி வரை, பெரியநீலாவணைப் பக்கத்துத் தமிழ் ஆட்களின் வயல்களுக்குப் போகும். மழை பெய்யும் பெரும்போகத்தில் இதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சிறுபோகத்தில் மட்டும் முறை வைத்துத்தான் தண்ணீர். எங்களுக்கு ஒரு முறை, அவர்களுக்கு ஒரு முறை. அந்த நாட்களில் கதவின் சக்கரத்தைப் பிடித்திருப்பவரின் கையில்தான் இரண்டு பக்கத்துச் சோறும் இருந்தது.

அவர் உயரமான மனிதர். சாரத்தின் மேல் அகலமான பச்சை வார் கட்டியிருப்பார். கதவு திறந்திருக்கும் வரை உட்காரமாட்டார். தகரக் கொட்டிலுக்குள் கட்டில் இருந்தும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அவரிடம் வருகிற எவருக்கும் அவர் சொல்கிற முதல் வார்த்தை ஒன்றுதான்.

“வில்லை வரட்டும்.”

வில்லை என்பது ஐம்பது சதக் காசைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் தட்டு. கந்தோரில் இருந்து கதவுக்கு அனுப்பும் ஆளின் கையில் அதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால் அந்தந்த வட்டைக்குப் போகும் சின்ன மதகைத் திறக்கலாம். அந்த வில்லை வட்டவிதானையிடம் இருக்கும். வயற்காரர்கள் தங்களுக்குத் தண்ணீர் பார்க்கவென்று தெரிவு செய்யும் ஆளை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரிய கதவையே தூக்கலாம், இறக்கலாம். அது ஓவசியரின் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும். எழுத்துப் பொறிக்காமல் வெட்டு வைத்ததற்கு நியாயம் இருந்தது. காவற்காரர்கள் மழையிலும் இருட்டிலும் வேலை செய்கிறவர்கள், வாசிக்கத் தெரியாதவர்கள். விரலுக்குத் தெரிந்தால் போதும்.

இவருக்கு அது பெருவிரலில் இருந்தது. வில்லையை வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். தஸ்பீஹ் மணியை உருட்டுவதைப் போல ஓரத்தைச் சுற்றிப் பெருவிரல் நகரும். பிறகு “சரி” என்பார். கொண்டுவந்தவனின் முகத்தை அவர் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் வில்லையை வாய்க்கால் தண்ணீரில் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பார்.

ஒரு தடவை எங்கள் எஞ்சினியர் கொழும்பில் இருந்து வந்த விருந்தாளிகளுக்குக் கதவு எழும்புவதைக் காட்டவென்று ஜீப்பில் போனார். இவர் சக்கரத்தைத் தொடவில்லை.

“நான்தானப்பா அந்த வில்லையைக் குடுக்கிற ஆள்” என்றார் எஞ்சினியர்.

“ஓம் சேர். அப்ப ஒண்டைக் கொண்டு வாறது உங்களுக்கு லேசுதானே.”

எஞ்சினியருக்கு முதலில் கோபம். ஒரு மாதம் போனபின் அந்தக் கதையை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஊரிலும் காவற்காரருக்கு வில்லையை வைத்தே பகிடி. தேத்தண்ணிக் கடையில் அண்ணன் முறை சொல்லி, “என்ன காக்கா, வில்லை இல்லாம தேத்தண்ணி குடிக்க வந்திரிக்கீங்க?” என்பார்கள். மூத்த மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது, மாப்பிள்ளையை உள்ளே விட ஒரு வெட்டா இரண்டு வெட்டா என்று ஒருவன் சத்தமாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்காமல், பதிவுகாரர் வந்தால் காணும் என்றார். அவர் பகிடியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒரு பகல், கதவு திறந்திருந்த நேரம், யாரோ ஒருவரின் எருமை வாய்க்காலில் இறங்கி, இழுவையில் அகப்பட்டுக் கதவின் தூணோடு நசிந்து கிடந்தது. கதவை இறக்கினால் இழுவை நின்றுவிடும். எருமைக்காரர் இவருடைய காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். இவர் தண்ணீருக்குள் குதித்து மாட்டின் தலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கந்தோருக்கு ஓடிப் போய் வில்லை வாங்கி வரும்படி அவரிடம் சொன்னார். அவர் ஓடிப் போய் வாங்கி வருவதற்குள் மாடு செத்துவிட்டது. இவர் அப்போதும் கழுத்தளவு தண்ணீரில் அதன் தலையைப் பிடித்தபடி நின்றாராம்.

அடுத்த விதைப்புக்குத் தன் சொந்த எருமைச் சோடியைக் கொண்டுபோய் அந்த மனிதரின் வயல் முழுவதையும் உழுது கொடுத்தார். ஏன் என்று நான் கேட்டேன். “வில்லை இல்லாம கதவை இறக்க எனக்கு ஏலா. மாடு இல்லாம உழ அவருக்கு ஏலா” என்றார். எருமைக்குப் பதிலாக ஒரு பிள்ளை அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க வாய் வந்தது. பதிலுக்குப் பயந்து கேட்காமல் விட்டேன்.

வில்லைகளைப் பராமரிப்பதும் என் வேலைகளில் ஒன்று. கைபட்டுக் கைபட்டு வெட்டுகள் மழுங்கும். மழுங்கியதை வட்டவிதானைமார் கொண்டுவந்து தருவார்கள். என்னிடம் ஒரு சின்ன அரம் இருந்தது. அதே வெட்டைத் திரும்ப அராவிக் கொடுப்பேன். அப்படி அராவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் எனக்கு அது தெரிந்தது. சின்ன வில்லைக்கும் பெரிய வில்லைக்கும் பித்தளை ஒன்று, அளவு ஒன்று. வித்தியாசம் ஒரு வெட்டு மட்டுமே. வெட்டு கூடக் கூட அதிகாரம் கூடுகிறது. போட்ட வெட்டை எவராலும் அடைக்க முடியாது. இல்லாத வெட்டை அரம் வைத்திருக்கும் எவரும் போட்டுக்கொள்ளலாம். மறுவளமாக, பெரிய கதவுக்கு வெட்டே இல்லாத வில்லையும் சின்ன மதகுக்கு வெட்டு விழுந்த வில்லையும் என்று வைத்திருந்தால் இந்த வழியே இருந்திருக்காது. கீழே இருக்கிறவன் மேலே ஏற அவன் கையிலேயே ஏணியைக் கொடுத்து வைத்திருந்தோம். எவ்வளவோ காலமாக அது யாருடைய கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கே எஞ்சினியரிடம் சொல்லவென்று எழும்பினேன். அவர் அறையில் இல்லை. அடுத்த நாள் இருந்தார், நான் போகவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்பது நல்லாக இருந்தது. ஒரு நாளைக்கு உதவும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன்.

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வீடும் வயலும் பெண் வீட்டாருடையவை. புது மருமகன் அந்த வீட்டில் கை கழுவித் துடைப்பது வரை எல்லோரும் பார்ப்பார்கள். சிறுபோகம் வந்தது. வானம் ஏமாற்றியது. எங்கள் வட்டையில் என் மனைவியின் தாயான மாமியின் வயல் மேட்டுப் பக்கம். எங்கள் முறையில் வந்த தண்ணீர் அதுவரை ஏறவில்லை. பயிர் குடலையில் நின்றது. கதிர் வெளியே வருவதற்கு முந்திய அந்தப் பருவத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது உமிதான்.

மாமி என்னிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டே மகளிடம் சொன்னார்:

“தண்ணிக் கந்தோருல மருமகன் வேல பாக்காரு எண்டு ஊரெல்லாம் சொன்னன். இனி அதைச் சொல்லாம இரிக்கணும்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வட்டைக்கு வட்டவிதானை மாமியின் தம்பி. அவருடைய வில்லை திருத்தத்துக்கென்று என் மேசையில் கிடந்தது. அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்த நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் முதல் வெட்டைத் திருத்தினேன். பிறகு அதற்குப் பக்கத்தில் இரண்டாவதைப் போட்டேன். ஒரு சிகரெட் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு நானே கொண்டுபோனேன். யார் கொண்டுபோனாலும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். வில்லையை வாங்கிக் கண்ணை மூடினார். பெருவிரல் இரண்டாவது வெட்டில் நின்றது. திரும்ப ஒரு சுற்று வந்தது, திரும்பவும் நின்றது.

“இது புதுசு போல கிடக்கு தம்பி. கூரா இரிக்கு.”

“தேஞ்சு போயிற்று காக்கா. நான்தான் திருப்பி அராவின.”

“ஓம். அது உங்கட வேலதானே.”

நான் சொன்னது பொய். ஆனால் அராவுவது என் வேலை என்பது உண்மை. அந்த உண்மையில் வைத்துத்தான் அவரை விழுத்தினேன். சக்கரத்தைச் சுற்றும்போது, கடைசி ஆட்களின் முறை என்று நினைத்தேன், மாற்றிவிட்டார்கள் போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் கேட்காதவன் போல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது.

மாமியின் வயல் நிறைந்ததும் அதே வில்லையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துக் கதவை இறக்கச் சொன்னேன். வில்லையைக் கழுவி என் கையில் தந்தார். வரும் வழியில் அதைக் களப்புத் தண்ணீரில் எறிந்தேன். வட்டவிதானைக்கு ஒரு வெட்டோடு புது வில்லை ஒன்றைச் செய்து கொடுத்தேன்.

கடைசி வயல்களில் அப்போது பயிர் பூத்துக்கொண்டிருந்தது. அவர்கள் முறைத் தண்ணீர் வரும் என்று காத்திருந்து, வராததைக் கண்டு நடந்து வந்து பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. கதிர் வந்தது. அதற்குள் மணி இல்லை.

கந்தோர் விறாந்தையில் விசாரணை நடந்தது. கடைசி ஊர் வயற்காரர்களும் அவர்களின் பெண்சாதிமாரும் முற்றத்தில் நின்றார்கள். இரண்டு வெட்டு வில்லைகள் எல்லாம் ஓவசியரின் லாச்சிக்குள் சரியாக இருந்தன. ஆகவே வில்லை எதுவும் போகவில்லை, இவர் காசு வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார் என்பது விசாரிக்க வந்தவர் எடுத்த முடிவு. வாக்குமூலத்தை எழுதும் வேலை என்னுடையது.

“வில்லை வந்திச்சி சேர். ரெண்டு வெட்டு” என்றார் இவர்.

“ஆர் கொண்டு வந்தது?”

“நான் ஆக்களுக்குத் திறக்கிற இல்ல சேர். வில்லைக்குத்தான் திறக்கிற.”

“ஆர் எண்டு கேக்கிறன்.”

திரும்பவும் அதையே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு மேசை அகலம்தான். அவர் சொன்னதை நான் நல்ல தமிழாக்கி எழுதினேன், வாசித்துக் காட்டினேன், மைப்பெட்டியை நீட்டினேன். அவர் அதில் அந்தப் பெருவிரலை ஒற்றி அடையாளம் வைத்தார்.

அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் அவரைத் தேடிப் போனார்கள். விருந்துச் சோறு போடும் பள்ளியின் சகன் தட்டுகளும் விளக்குகளும் இருந்த அறையின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, பல காலமாக அவரிடம்தான் இருந்தது. கொஞ்ச நாளைக்கு வேறு ஆள் வைத்திருக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார்களாம். கேட்டவுடன் மடியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். தொழுகைக்கு வருவதை அவர் நிற்பாட்டவில்லை. முன் வரிசையில் நின்றவர் கடைசி வரிசைக்குப் போனார், அவ்வளவுதான். நான் நடுவில் எங்காவது நிற்பேன். தொழுது முடிந்து வலப் பக்கம் ஸலாம் கொடுக்கத் திரும்பும்போது அவரைக் காணாமல் இருக்கும்படி இடம் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

அப்படிச் சில வருடங்கள் போயின. எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். மாமியின் வயல் நன்றாக விளைந்தது. ஒரு நாள் மனைவி சொன்னாள், அவருடைய இளைய மகளுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுவிட்டதாம். கதவை விற்ற மனிதரின் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லிவிட்டாவாம். அன்றைக்கு இரவு மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் இத்தனை வருடமாகச் சாப்பிட்ட சோறு எது என்று அவள் கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மரைக்காயர்மாரிடம் அனுமதி கேட்டு, சபைக்கு முன்னால் எழும்பி நின்று சொன்னேன். செய்தது நான் என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள், ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்பார்கள் என்று பயந்து, எப்படிச் செய்தேன் என்பதையும் விளக்கமாகச் சொன்னேன். அரம், வெட்டு, அளவு எல்லாம். அன்று பின்னேரமே பள்ளித் திறப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தது. நின்ற கல்யாணமும் சில மாதத்தில் நடந்தது. அதுவரை நான் செய்தது சரி.

எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். பழையவர் போய்ப் புதியவர் வந்திருந்தார்.

“செய்ததுக்கு உம்மை வேற இடத்துக்கு மாத்துவன்” என்றார். “சொன்னதுக்கு நான் என்ன செய்யிறது? நூறு பேருக்கு முன்னால எப்பிடி வெட்டுறது எண்டு பாடம் எடுத்திருக்கிறீர். முதல்ல எனக்குச் சொல்லியிருந்தா வில்லையை மாத்தியிருப்பன்.”

வில்லையை மாற்றுவதற்கு முந்தியே அடுத்த சிறுபோகம் வந்தது, அவர் பயந்தது நடந்தது. புதுக் காவற்காரரிடம் எல்லாத் திக்கிலும் இருந்து வில்லை வந்தது, எல்லாம் இரண்டு வெட்டு. ஒருவன் அவசரத்தில் மூன்று வெட்டுப் போட்டுக்கொண்டு வந்தானாம். கதவடியில் மண்வெட்டியால் அடிபட்டு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடைசி வயல்கள் திரும்பவும் காய்ந்தன. முதல் தடவை அவர்களின் தண்ணீரை ஒருவன் எடுத்தான், இரண்டாம் தடவை எல்லோரும் எடுத்தார்கள். எடுக்கும் வழியைக் காட்டியவன் நான்.

பிறகுதான் வில்லைகளைக் கந்தோர் திருப்பி எடுத்தது. இவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு, இனி ஆளை அடையாளம் கண்டு திறவுங்கள் என்றார்கள். சில நாள் போனார். பிறகு தானாகவே நின்றுவிட்டார்.

மாற்றலாகிப் போவதற்கு முன் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரே பொருந்திக்கொண்டால் ஒழிய அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று படித்தவன் நான். அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தரச் சொன்னார். கொஞ்ச நேரம் மட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பிழையான வில்லைக்குத் திறந்தது நான்தானே. அதுல உங்கட பேருக்கு என்ன வேல?”

பிறகு அவரே சொன்னார்: “என்னக் கள்ளன் எண்டு சொல்லக்குள்ள, நான் கள்ளன் இல்ல எண்டு எனக்குத் தெரியும். அது போதும் எண்டு இரிந்தன். நீங்க பள்ளியில சொன்னதுக்குப் பொறகு, அரத்தால ஏமாந்த ஆள் எண்டு சிரிக்காங்க. அது மெய்தானே தம்பி. புதுசு எண்டு விரல் சொல்லிச்சி. நான் உங்கட கதையைக் கேட்டன். இப்ப ஒரு திறப்பைத் தடவினாக்கூட இது அதுதானா எண்டு இரிக்கி.”

நான் அழுதேன். பொருந்திக்கொள்ளும்படி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ட பங்க நான் பொருந்திட்டன். அல்லாஹ்வுக்காக. ஆனா வெள்ளாம காஞ்ச ஆக்கள்ட பங்க நான் பொருந்த ஏலா. அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க அவங்கள்ட்டப் போகணும்.”

போகிறேன் என்றேன். போகவில்லை. முதலில் இடமாற்றம் காரணமாக இருந்தது. பிறகு சண்டை வந்து காலம் கெட்டது. எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் இடையில் வழமையாகச் சைக்கிளில் போகிற தெரு, விசாரித்துப் பார்த்துப் போகிற தெருவாக மாறியது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் தெரு நல்லாக இருந்த நாட்களிலும் நான் போகவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் மவுத்தானார். அடக்கத்துக்குப் போய் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்த அடுத்த கிழமைதான் அந்த ஊருக்குப் போனேன்.

பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. அன்றைக்கு விறாந்தை முற்றத்தில் நின்ற வயற்காரர்களில் ஒருவரையும் காணவில்லை. சிலர் இறந்திருந்தார்கள், சிலர் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒருவரின் பெண்சாதி மட்டும் இருந்தா. அந்த நாளில் அவவும் வந்து நின்றவ. வளவுக்குள் வலைத் துண்டு ஒன்றில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையையும் சொன்னேன், இரண்டாம் தடவையையும் சொன்னேன். பள்ளியில் நான் சொன்னது அவவின் காது வரை போயிருக்கவில்லை. ஏசுவா என்று எதிர்பார்த்தேன். அவ மீனை விட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டா.

“அப்ப அந்தக் கதவுக்கார மனிசன் ஒண்டும் செய்யல்லயா?”

“இல்லம்மா.”

“நாங்க அம்மாள் கோயில் வாசல்ல அவர்ட பேரச் சொல்லி மண் அள்ளிப் போட்டம் தம்பி. குடும்பத்தோட அழிஞ்சு போகணும் எண்டு. ஊர்ப் பொம்பிளயள் எல்லாரும். முதல் பிடி நான்தான் போட்டன்.”

அது எனக்குச் சேரவேண்டிய மண் என்றேன். அவ அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“அந்த மனிசன் இரிக்காரா?”

மவுத்தாகிவிட்டார் என்று சொன்னேன். அவ நிலத்தில் உட்கார்ந்துவிட்டா. காகம் வந்து மீனைக் கொத்தியது. அவ துரத்தவில்லை. கடைசியில் அவர் பெண்சாதி இருக்கிறாவா என்று கேட்டா. இருக்கிறா, ஆனால் புருஷன் மவுத்தானதால் இத்தாவில் இருக்கிறா, அந்த மாதங்கள் முடியும் வரை வெளி ஆண்களைக் காணமாட்டா என்றேன். நான் பொம்பிளைதானே, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றா.

அடுத்த நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவ முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இருந்தா. வாசலில் மகள் வந்து அவவை உள்ளே அழைத்துப் போனாள். நான் படலைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு அழுகை கேட்டது. யாருடைய குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு இரண்டு பேர் மெல்லப் பேசும் சத்தம், நெடுநேரம்.

மத்தியான லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் அவ வெளியே வந்தா. முகம் கழுவியிருந்தா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நானாகத்தான் கேட்டேன்.

“என்ன சொன்னா அம்மா?”

“என்ன மன்னிச்சிட்டா. கையப் பிடிச்சி அழுதா. சோறும் தந்தவ.”

பஸ் மருதமுனையைத் தாண்டியது. அவ யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னா:

“உன்னப் பத்தி நான் கேக்கல்ல தம்பி.”